சின்னச் சட்டி, பெரிய புகை

(பள்ளி, கல்லூரி நாடகக் குழுக்களுக்கான பயிலரங்கில் ஆற்றிய உரை)



அழைப்பிதழில் என் தலைப்பைக் கௌரவமாக அச்சடித்திருக்கிறார்கள். மேடையில் புகை வேண்டும், கையில் காசில்லை, என்ன செய்யலாம் என்பதுதான் விஷயம். முன்வரிசையில் ஆண்டு விழாவுக்கு நாடகம் போடும் ஆசிரியர்கள் இருக்கிறீர்கள். பின்னால் கல்லூரிப் பிள்ளைகள். உங்கள் வரவு செலவு எனக்குத் தெரியும். உடை வாடகை, மேக்கப், வேன், மைக் செட் எல்லாம் போக மிஞ்சுவதுதான் மேடைச் சாமானுக்கு. அந்தப் பட்டியலில் புகை கடைசி வரி. கடைசி வரிக்கு என்ன மிஞ்சுமோ அதை வைத்துக்கொண்டு பேசுகிறேன்.

புகை என்றதும் எல்லோரும் கேட்பது, "சார், ஸ்டேஜ் முழுக்க வரணும்." எதற்கு என்று திருப்பிக் கேட்டால் பதில் இருக்காது. கல்யாண வரவேற்பில் மணமக்கள் நடந்து வரும்போது காலடியில் மேகம் ஓடுகிறதே, அதைப் பார்த்த பழக்கம். உங்கள் நாடகப் பிரதியைப் புரட்டிப் பாருங்கள். அதில் புகை எங்கே வருகிறது? சூனியக்காரியின் சட்டியில் வருகிறது. விசுவாமித்திரரின் யாக குண்டத்தில் வருகிறது. அலாவுதீன் விளக்கில், சுட்ட துப்பாக்கியில், டீக்கடை பாய்லரில், அப்பா குடிக்காமல் வைத்துவிட்டுப் போன காபி டம்ளரில் வருகிறது. எல்லாம் ஒரு பொருளிலிருந்து கிளம்பும் புகை. அதற்குக் கைப்பிடி அளவு போதும். மேடை முழுக்கப் புகையை அடித்தால் முதலில் காணாமல் போவது அந்தப் பொருள்தான்.

நவாப் ராஜமாணிக்கம் கம்பெனியும் ஆர்.எஸ். மனோகரின் நாடகங்களும் தந்திரக் காட்சிகளுக்குப் பேர்போனவை. அந்தப் பெயரைச் சொல்லி, நமக்கும் அப்படி ஒரு பிரம்மாண்டம் வேண்டும் என்று சிலர் ஆசைப்படுகிறார்கள். அவர்களிடம் வருஷம் முழுக்க அதே வேலையாக இருந்த ஆட்கள் இருந்தார்கள். நம்மிடம் இருப்பது தேர்வுக்கும் ஒத்திகைக்கும் நடுவில் கிடைக்கும் சனிக்கிழமை. ஆகவே சின்னதாக, உறுதியாக வேலை செய்வதாக ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

காசை எங்கே போடுவது என்று கேட்டால், விளக்கில் போடுங்கள் என்பேன். ஓட்டு வீட்டுச் சமையலறையைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். கண்ணாடி ஓடு வழியாக வெயில் விழுகிற அந்த ஒரு கம்பத்துக்குள் மட்டும் அடுப்புப் புகை சுருள் சுருளாகத் தெரியும். கம்பத்துக்கு வெளியேயும் அதே புகைதான் நிற்கிறது, கண்ணுக்குத் தெரிவதில்லை. புகையிலும் பனியிலும் இருப்பவை மிக நுண்ணிய துளிகள், துகள்கள். அவற்றின் மேல் படும் ஒளியில் பெரும்பகுதி, வந்த திசையிலேயே தொடர்ந்து முன்னால் சிதறிப் போகிறது. திரும்பி வருவது கொஞ்சம்தான். பார்வையாளர் பக்கத்திலிருந்து மேடையை நோக்கி அடிக்கும் விளக்கால் புகை மங்கலாகத்தான் தெரியும். அதே விளக்கைப் புகைக்குப் பின்னால், சற்றே பக்கவாட்டில் வைத்துப் பார்வையாளர் பக்கமாகத் திருப்புங்கள். புகை பளிச்சென்று எழுந்து நிற்கும்.

விளக்கு பார்ப்பவர்கள் கண்ணைக் குத்தக் கூடாது என்பதால் அதைத் தாழ்வாக ஒரு பாறைக்கோ பெட்டிக்கோ பின்னால் ஒளித்துவைக்கலாம், அல்லது உயரத்திலிருந்து சாய்த்து விடலாம். பத்து வாட் எல்இடி ஃபோகஸ் ஒன்று போதும். பின்னால் கறுப்புத் திரை இருக்கவேண்டும். வெள்ளைச் சுவருக்கு முன்னால் வெள்ளைப் புகை போட்டுவிட்டு, புகையே வரவில்லை என்று மெஷின்காரரைத் திட்டுகிற குழுக்களை நிறையப் பார்த்திருக்கிறேன். புகை வந்திருக்கும். தெரிந்திருக்காது.

இப்போது சட்டிக்கு வருகிறேன். மேசைமேல் இருக்கிறதே, இதுதான். மண் சட்டி. மீன் குழம்பு வைக்கிற அகலமான வகை, குடம் மாதிரி வாய் குறுகியது உதவாது. உள்ளே ஒரு பிளாஸ்டிக் டப்பா, டப்பாவில் தண்ணீர், தண்ணீருக்குள் இந்த வட்டமான உலோகத் துண்டு. மிஸ்ட் மேக்கர் என்று கேட்டால் மீன் தொட்டிக் கடையிலும் வீட்டுக்குள் வைக்கிற நீரூற்று விற்கும் இடத்திலும் கொடுப்பார்கள். சென்னைக்காரர்கள் ரிச்சி தெருவில் தேடலாம். விலை சில நூறு ரூபாய்க்குள் முடியும். இதன் நடுவில் ஒரு ரூபாய் நாணயம் போல ஒரு பீங்கான் வில்லை தெரிகிறதா? மின்சாரம் பாய்ந்ததும் அது வினாடிக்கு ஏறக்குறைய 17 லட்சம் தடவை அதிர்கிறது. அதிர்வில் தண்ணீர் சில மைக்ரான் அளவுத் துளிகளாக உடைந்து மேலே வருகிறது. சூடு கிடையாது, நெருப்பு கிடையாது, வாசனை கிடையாது. சத்தமும் அநேகமாகக் கிடையாது, ஒரு மெல்லிய சலசலப்பு மட்டும்.

தண்ணீர் அளவில்தான் எல்லாம் இருக்கிறது. வில்லைக்கு மேலே இரண்டு மூன்று விரற்கடை நிற்கவேண்டும். குறைந்தால் அதிலுள்ள உணரி தானே நிறுத்திவிடும். நிறைய ஊற்றினால் மேலே ஒரு குமிழி முட்டி நிற்கும், பனி வராது. சரியான மட்டத்தில் நடுவே ஒரு சின்ன ஊற்று கிளம்பித் தண்ணீரைத் தெறிக்கும். அது மேடையை நனைக்காமல் இருக்க, டப்பாவின்மேல் பாதி மறைக்கிற மாதிரி ஒரு பிளாஸ்டிக் மூடியைச் சாய்த்து வையுங்கள். இந்தப் பனி குளிர்ந்தது, காற்றைவிடச் சற்றுக் கனம். மேலே எழாது, சட்டி விளிம்பில் நிரம்பி வழிந்து தரையில் இறங்கும். சூனியக்காரிக்கு அதுவே அழகு. கொதிக்கிற சட்டி மாதிரி மேலே எழவேண்டுமென்றால், பழைய கம்ப்யூட்டரில் இருக்கும் 12 வோல்ட் குட்டி விசிறியை டப்பாவின் பக்கவாட்டுத் துளையில் பொருத்துங்கள். விசிறி வெளிக்காற்றை உள்ளே தள்ளவேண்டும். பனியை உறிஞ்சி வெளியே விடுகிற மாதிரி திருப்பி வைத்தால் இரண்டாவது காட்சிக்குள் விசிறி நனைந்து செத்துவிடும்.

சட்டிக்குள் டப்பாவைச் சுற்றி ஒரு முழம் எல்இடி பட்டை, ஆரஞ்சு அல்லது பச்சை. பனி கீழிருந்து நிறம் வாங்கிக்கொண்டு வருவதால் மேலே விளக்கே தேவைப்படாது. தண்ணீர் கேன் தண்ணீராக இருக்கட்டும். போர் தண்ணீரில் உப்பு அதிகம். துளி காய்ந்ததும் அந்த உப்பு வெள்ளைத் தூளாக நடிகையின் கறுப்பு உடையில் படியும். ஒவ்வொரு காட்சிக்கும் புதுத் தண்ணீர். நேற்று ஊற்றி மறந்துபோன தண்ணீரில் கிருமி இருந்தால், அதைத் துளித் துளியாக நடிகர்களின் நுரையீரலுக்கே அனுப்புகிறோம். அடாப்டர் சட்டிக்குப் பக்கத்தில் வேண்டாம். மேடைக்கு வெளியே சைடில் உலர்ந்த இடத்தில் இருக்கட்டும். சட்டிக்கு வருவது 12, 24 வோல்ட் ஒயர்கள் மட்டும்.

கையில் எடுத்துக்கொண்டு நடக்கிற பொருளுக்கு இது சரிப்படாது. அலாவுதீன் விளக்குக்கு, அலுவலக மேசைமேல் வைக்கிற யூஎஸ்பி ஹியூமிடிஃபையர் ஒன்றைப் பிரித்து எடுங்கள். உள்ளே ஒரு பஞ்சுத் திரி, அதன் தலையில் சல்லடை மாதிரித் துளையிட்ட மெல்லிய தகடு. திரி ஈரமாக இருந்தால் போதும், தகடு பனியைச் சீறி வெளியே விடும். பவர் பேங்க்கை விளக்கின் அடியிலோ நடிகரின் இடுப்பு வாரிலோ மறைக்கலாம். கனத்த புகை வராது, மூக்கு வழியே ஒரு இழை வரும். அந்த இழை வரும்போது நடிகர் விளக்கை மெதுவாகப் பார்வைக்கு உயர்த்திப் பின்விளக்கு விழுகிற இடத்தில் நிறுத்தவேண்டும். இதை ஒத்திகையில் சொல்லிக்கொடுக்காமல் விட்டுவிட்டு, கருவியைக் குறை சொல்வது நம்மிடம் ஒரு வழக்கம்.

அடுத்தது நீராவி. 1876-ல் ஜெர்மனியின் பைராய்ட் நகரில் வாக்னர் தன் இசை நாடகத் தொடரை அரங்கேற்றியபோது, கொதிகலனிலிருந்து நீராவியை மேடைக்குக் கொண்டுவந்து காட்சி மாற்றத்தை மறைத்தார்கள். நமக்கு இட்லிக் கொப்பரை இருக்கிறது. சமையலறைக் காட்சியில் உண்மையான கொப்பரையை மின் அடுப்பில் கொதிக்கவிட்டு, வசனத்தில் சரியான இடத்தில் மூடியைத் திறந்தால், குப்பென்று எழுகிற அந்த ஆவிக்கு ஈடானதை எந்த மெஷினும் தராது. ஆனால் அது சில வினாடிக்கு மட்டுமே நிற்கும், சூடான காற்றில் இன்னும் சீக்கிரம் மறையும். கை சுடும் என்பதையும் சொல்லவேண்டும். மூடியைத் தன் பக்கமாகச் சாய்த்துத் திறக்கும் நடிகருக்கு முகம் வெந்துபோகும். மூடி தன் பக்கமாகவோ பார்வையாளர் பக்கமாகவோ அல்ல, பக்கவாட்டில் திறக்கட்டும். காபி டம்ளர் காட்சிக்கு நான் எதையும் பரிந்துரைப்பதில்லை. நிஜமான சூட்டில் நிஜமான காபி, பின்னால் ஒரு விளக்கு. அதைவிட மலிவாக ஒரு புகை கிடையாது.

சரி, காட்டுக் காட்சி, சுடுகாடு, கனவு என்று மேடைத் தரை முழுக்கப் பனி கட்டாயம் தேவை என்கிறீர்கள். வாடகைக்கு எடுக்கிற ஃபாக் மெஷின் இருக்கிறது. சிறியது என்றால் 400 வாட், சில ஆயிரத்துக்குச் சொந்தமாகவே வாங்கலாம். கிளைக்கால் என்ற வேதிப்பொருளும் தண்ணீரும் கலந்த திரவத்தைச் சூடான கட்டிக்குள் பம்ப் தள்ளுகிறது. அது ஆவியாகி, வெளிக்காற்றில் பட்டுப் பனியாகிறது. இதில் இரண்டு தொல்லை. ஒன்று, ஒவ்வொரு அடிக்கும் பிறகு கட்டி மறுபடி சூடேறும்வரை பொத்தானை அழுத்தினாலும் வராது. அசுரன் நுழைகிற இடத்தில் மெஷின் ஓய்வெடுத்துக்கொண்டிருக்கும். அதற்கு முந்தைய பக்க வசனத்திலிருந்தே யாரும் கை வைக்கக் கூடாது என்று பிரதியில் எழுதிவையுங்கள். இரண்டு, உஸ் என்ற சத்தம். அதை மிருதங்கத்திலோ இடிச் சத்தத்திலோ புதைக்கவேண்டும்.

மெஷினிலிருந்து வருவது சூடான பனி, மேலே போய்விடும். தரையோடு தவழவேண்டுமென்றால் குளிர்விக்கவேண்டும். மீன் மார்க்கெட்டில் கிடைக்கும் தெர்மோகோல் பெட்டி ஒன்று, நன்றாகக் கழுவி எடுத்தது. ஒரு பக்கம் மேலே துளை, எதிர்ப்பக்கம் அடியில் துளை, நடுவில் கம்பி வலைமேல் ஐஸ் கட்டிகள். மெஷின் வாயை மேல் துளைக்கு ஒரு கை அகலம் தள்ளி வையுங்கள், ஒட்டி வைத்தால் தெர்மோகோல் உருகும். ஐஸ் வழியே போய்க் குளிர்ந்த பனி அடித்துளையில் வழிந்து தரையில் பரவும். மறுபடி சூடாகி எழ ஆரம்பிப்பதற்குள் ஒரு சின்னக் காட்சியை முடித்துவிடலாம்.

திரவம் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். மருந்துக்கடை கிளிசரினை வாங்கி நாமே கலக்கலாம் என்று சொல்கிறவர்கள் உண்டு. கிளிசரின் அளவுக்கு மீறிச் சூடானால் அக்ரோலின் என்ற கண்ணைக் கரிக்கும் பொருள் உண்டாகும். மெஷின் செய்தவர் சொன்ன திரவத்தையே ஊற்றுங்கள். அத்தர், வாசனை எண்ணெய் எதையும் சேர்க்காதீர்கள்.

டிரை ஐஸைப் பற்றிக் கேட்பீர்கள். அழகுதான், மறுக்கவில்லை. உறைந்த கரியமில வாயு, மைனஸ் 78.5 டிகிரி. வெந்நீரில் போட்டால் பால் மாதிரிப் பனி வழியும். அந்தப் பனி தண்ணீர்த் துளி. கூடவே கண்ணுக்குத் தெரியாமல் வருவது கரியமில வாயு. ஒரு கிலோ டிரை ஐஸ் 500 லிட்டருக்கு மேல் வாயுவாகும். அது காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம் என்பதால் தாழ்ந்த இடத்தில் தேங்கும். காற்றில் 0.5 சதவீதம் என்பது எட்டு மணி நேர வேலைக்கான வரம்பு. 4 சதவீதம் உயிருக்கு உடனடி ஆபத்து என்று அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு அமைப்பு வகுத்திருக்கிறது. மேடையில் பிணமாகப் படுத்திருக்கும் பையன், மேடைக்கு முன் பள்ளத்தில் உட்கார்ந்து வாசிக்கும் ஹார்மோனியக்காரர், இவர்கள்தான் அந்தத் தேக்கத்துக்குள் இருக்கிறார்கள். வெறுங்கையால் தொட்டால் தோல் வெந்ததுபோல் ஆகும். பாட்டிலில் போட்டு மூடினால் வெடிக்கும். பள்ளி மேடைக்கு இது வேண்டாம் என்பது என் தீர்மானமான கருத்து. மீன் பெட்டியே போதும்.

துப்பாக்கிப் புகைக்கு வருவோம். சத்தம் ஸ்பீக்கரில் வரும். குழாய் நுனியில் ஒரு கீற்று வந்தால் காட்சி நிறைந்துவிடும். பழைய ஆட்டோ ஹாரனின் ரப்பர் உருண்டை நினைவிருக்கிறதா? அதில் ஒரு மெல்லிய டியூபைச் செருகி, டியூபை நடிகரின் சட்டைக் கைக்குள் விட்டு, குழாய் நுனிவரை கொண்டுவந்து, அங்கே ஒரு சிட்டிகை விபூதி. அக்குளில் உருண்டையை வைத்து அழுத்தினால் பஃப். விபூதி ஏன் என்றால் அது ஏற்கெனவே எரிந்து முடிந்த சாம்பல், இனி எரியாது. டால்கம் பவுடரும் எரியாது, ஆனால் தரையில் விழுந்தால் வழுக்கும். அடுத்த காட்சியில் பரதநாட்டியம் இருந்தால் யோசித்துக்கொள்ளுங்கள். எதை வைத்தாலும் குழாயை யார் முகத்தை நோக்கியும் நீட்ட வேண்டாம்.

இதையே மைதா மாவில், சோள மாவில், மஞ்சள் தூளில் செய்யலாமே, கலர் கலராக இருக்குமே என்று ஒரு யோசனை வரும். வரவே கூடாத யோசனை அது. கேரளத்தில் முடியேற்று ஆடும்போது பந்தத்தின்மேல் தெள்ளிப்பொடி, அதாவது குங்கிலியத் தூள், வீசுவார்கள். குபீரென்று ஆளுயரத்துக்குத் தீ எழும். குவியலாக இருந்தால் மெதுவாக எரியும் பொருள், காற்றில் தூசியாகப் பறந்தால் ஒரே நொடியில் எரிந்து தீர்கிறது. அதைக் கை தேர்ந்தவர்கள் தலைமுறையாகச் செய்கிறார்கள். மாவும் அதே இயல்புதான். 2015 ஜூன் 27 அன்று தைவானில் ஒரு நீர் விளையாட்டுப் பூங்காவில், மேடையிலிருந்து கூட்டத்தின்மேல் வண்ணச் சோள மாவு தூவினார்கள். அது பற்றிக்கொண்டது. 15 பேர் இறந்தார்கள், நூற்றுக்கணக்கானோர் தீக்காயம் பட்டார்கள். திறந்தவெளி அது. நம்முடையது நாலு சுவருக்குள்.

நெருப்பு என்று வந்துவிட்டதால் சாம்பிராணியையும் சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டர் சாம்பிராணியைக் கொளுத்தித் தூபக்காலில் வைத்தால் பத்து ரூபாயில் வேலை முடிந்தது என்று நினைப்பீர்கள். ஆசிரமக் காட்சிக்கு அது பொருந்தும், வாசனையே பாதிக் காட்சியைக் கட்டிவிடும். அதே புகையைப் பஞ்சாலைத் தீ விபத்துக் காட்சியில் போட்டால் கூடம் முழுக்க வெள்ளிக்கிழமை மணம். மனதில் சோகம் எப்படி ஏறும்? இதைவிடப் பெரிய விஷயம், கங்கு. கங்கு காட்சி முடிந்ததும் அணையாது. அட்டையும் வண்ணக் காகிதமும் துணியும் தெர்மோகோலும் குவிந்திருக்கிற மேடைப் பின்புறத்துக்கு அதைத் தூக்கிக்கொண்டு போகிறோம். 2005 செப்டம்பர் 5 அன்று எகிப்தில் பெனி சுவைஃப் நகரத்துப் பண்பாட்டு மாளிகையில் ஓர் அமெச்சூர் நாடகம் நடந்தது. காகிதத்தால் அமைத்த அரங்கு, ஒரு மெழுகுவர்த்தி. அது சாய்ந்ததில் பற்றிய தீயில் ஏறக்குறைய 50 பேர் மாண்டார்கள், பலர் நாடகக்காரர்கள், விமர்சகர்கள். நம்மைப் போலச் சின்ன பட்ஜெட்டில் நாடகம் போட்டவர்கள். தூபக்கால் கட்டாயம் வேண்டுமென்றால் அதற்கு ஓர் ஆள், ஒரு வாளி மணல், அவருக்கு அன்றைக்கு வேறு வேலை கிடையாது. ஆள் இல்லையா, சாம்பிராணியும் இல்லை. கலர் புகைக் குச்சி, பட்டாசு எதுவும் கூரைக்கடியில் கூடவே கூடாது. அதைப் பற்றி மேலே பேசவே எனக்கு விருப்பமில்லை.

எந்தப் புகையாக இருந்தாலும் கூடத்துக்குப் போய் முதலில் ஏசியைப் பாருங்கள். ஒத்திகையில் மின்விசிறி, காட்சியன்று ஏசி என்றால் புகை போகிற திசையே மாறிவிடும். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தலைமை விருந்தினர் மடியில் போய் விழும். அன்றைக்கு இயங்கும் நிலையிலேயே ஏசியை ஓடவிட்டுச் சோதியுங்கள். புதுக் கூடங்களில் புகை உணரி இருக்கும். ஒளியை வைத்துக் கண்டுபிடிக்கும் உணரிக்கு நிஜப் புகையும் நம் பனியும் ஒன்றுதான், அலறிவிடும். மேலாளரிடம் முன்கூட்டியே சொல்லி, அவர் கையாலேயே ஏற்பாடு செய்யவேண்டும். நாமே ஏணி போட்டு ஏறி உணரிக்கு பிளாஸ்டிக் பை கட்டுவது ஆபத்து. தண்ணீர் தெளிப்பானைப் பற்றிக் கவலை வேண்டாம், அது புகைக்குத் திறக்காது, சூட்டுக்குத்தான் திறக்கும்.

பாடி நடிப்பவர்களின் தொண்டையையும் நினைத்துக்கொள்ளுங்கள். நியூயார்க் பிராட்வே நடிகர்களிடம் நடந்த ஓர் ஆய்வு 2000-ல் வெளியானது. கிளைக்கால் பனி அதிகமாகப் படும்போது தொண்டையும் மூக்கும் உறுத்துகின்றன என்று அது கண்டது. ஆஸ்துமா உள்ள பிள்ளை குழுவில் இருந்தால் மெஷின் பக்கத்தில் நிறுத்தாதீர்கள். யாருக்கு இருக்கிறது என்று வெளிப்படையாகக் கேட்டால் சொல்ல மாட்டார்கள், தனியாகக் கேளுங்கள்.

சிகரெட் காட்சி பற்றி இங்கே வரும்போதே ஒரு தம்பி கேட்டார். வெளிநாட்டுக் குழுக்கள் மின் சிகரெட்டை உடைத்து மேடைப் பொருளுக்குள் வைப்பதை அவர் பார்த்திருக்கிறார். இந்தியாவில் 2019 சட்டப்படி அதன் தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, இருப்பு எல்லாமே தடை. நிஜ சிகரெட்டைப் பொது இடத்தில் பிடிக்கவும் தடை. பற்றவைக்காத சிகரெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, பற்றவைக்கும் நேரத்தில் எதிரே நிற்பவர் குறுக்கிட்டு நிறுத்துகிற மாதிரி வசனத்தை மாற்றி எழுதுங்கள். கேரக்டரின் எரிச்சல் இன்னும் நன்றாகத் தெரியும்.

அவ்வளவுதான். சட்டி இங்கேயே இருக்கும், வந்து பார்க்கலாம், பிரித்துப் பார்க்கலாம். ஓடிக்கொண்டிருக்கும்போது வில்லையை விரலால் தொடாதீர்கள், ஊசி குத்தின மாதிரி சுடும். பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கை வையுங்கள்.